உரைகல்லில் தேய்க்காதது

பேரணாம்பட்டில், வி.கோட்டா சாலையில் அடகுக்கடை.
தேசம்மாள் முடிச்சை அவிழ்க்கிறாள்:
ஒற்றைக் கம்மல், பழைய வட்டிச் சீட்டு,
கூடவே அண்ணன் கோதண்டத்தின் பதக்கம்.

"இதுக்குப் பணம் தர முடியாதும்மா."
"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்குதாமே,
அதாவது பொன்னா?"

அதுவும் வெண்கலம்தான்.
மகளின் தேர்வுப் புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கிறேன்:
வெள்ளைக்காரன் தன் சிலுவையைப்
பிடிபட்ட பீரங்கியை உருக்கி வார்த்தான் என்பார்கள்.
ஐம்பத்தைந்து வருஷம்
நம் சிப்பாய் மார்புக்கு அது கிடையாது.
அப்புறம்தான் நம் சக்கரம்.
ஊதா நாடா. நடுவில் சிங்கங்கள்,
சுற்றி நான்கு வஜ்ராயுதம்;
ததீசி முனிவரின் முதுகெலும்பில் செய்தது, தெரியுமா?
இதுவரை இருபத்தொரு பேர்.
பதினான்கு பேர் வாங்க வரவில்லை.

தராசுத் தட்டு ஆடி நின்றது.

"முனிவர்கிட்ட எலும்பைக்
கேட்டு வாங்கினாங்களா?"
"கேட்டுத்தான்."
"ம்.
எங்கண்ணன் தூங்கிட்டிருந்தப்போ
பனி சரிஞ்சு மூடிடுச்சு."

வெளியே தெலுங்குப் பலகையோடு பஸ்,
நடத்துநர் இரண்டு பாஷையிலும் கத்துகிறார்.
பதக்கத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.
அதை நான் எடை போடவே இல்லை,
கை போனது, திரும்பிவிட்டது.

கம்மலுக்கு இரண்டாயிரத்து நூறு.
ரசீதில் அடகு வைப்பவர் பெயர்:
'தேசம்' வரை எழுதினேன்,
பேனா காய்ந்துவிட்டது.
உதறுகிறேன், உதறுகிறேன்.
பஸ் போய்விடும் என்கிறாள்.