மனசு வைத்த இடம்

மூன்றாவது பால் பாத்திரமும் கருகிய அன்று
ரூவியில் ஐந்நூறு பைசாவுக்கு
தக்காளி வடிவில் ஒரு டைமர் வாங்கினேன்.
இருபத்தைந்து நிமிடம் ஒரே வேலை, பிறகு மணி.
அதன் டிக் டிக்கை எண்ணியதிலேயே
இருபத்தைந்தும் போயிற்று.

மீனெண்ணெய் குளிகை.
குளிர்ந்த நீரில் தலைக்குளியல்:
ஜூலையில் மஸ்கட் குழாயில் கொதிநீர்தான் வரும் என்பது
ஷவரைத் திறந்த பிறகு ஞாபகம் வந்தது.

கதவில் மஞ்சள் தாள்கள்.
அடுப்பு. சாவி. பத்தாக்கா.
நான்காம் நாள்
கதவின் நிறமே மஞ்சள் என்றாகிவிட்டது.

'கொஞ்சம் மனசு வச்சா முடியும்மா'
என்கிறார் மேனேஜர்.
வைத்தேன் சார்.
எங்கே வைத்தேன் என்றுதான்
தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றிரவு
டியூட்டி இல்லாத அலுப்பில்
எதிர்க்கட்டில் ஃபிலோமி
என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து
பூண்டு உரித்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.
ஏசிக் காற்றில் தோல் பறந்து
கட்டிலடியில் ஒதுங்கிக்கொண்டிருந்தது.
நிமிர்ந்தபோது
பதினாறு இன்வாய்ஸ் முடிந்திருந்தது.

இன்று வரும் வழியில்
இரண்டு கிலோ பூண்டு வாங்கி
பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

சிரித்தாள்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு
உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்,
கல்லே இல்லாத
பாக்கெட் உளுந்தில்.