ஆடி மூன்று, துல்ஹஜ் ஒன்பது

முஹர்ரக்கில் ஒரு பழைய வீட்டு மாடி.
ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.
வெயில் நாற்பத்தாறு.
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது.

கைப்பிடிச் சுவரில் ஒரு குட்டி ஈச்சங்கூடை,
உள்ளங்கை அகலம், தொங்கவிட ஒரு கயிறு.
உள்ளே பார்லி
ஒரு விரல் வளர்ந்து நுனி கருகி நின்றது.

செத்துப்போச்சா என்று கேட்டாள் லுல்வா.
ஏழு வயதிருக்கும். முன்பல் இரண்டும் இல்லை.
பெருநாளுக்கு முந்தின மாலை
கடலில் எறிய வேண்டுமாம்,
ஹிய்யா பிய்யா.
இன்னும் ஆறு நாள்.

இயந்திரம் என்றால் சொல்லிவிடுவேன்:
கம்ப்ரசர் உயிரோடிருக்கிறது, கெபாசிட்டர் போய்விட்டது.
பயிரின் நாடி எனக்குப் பிடிக்க வராது.
முளைப்பாரிக்கு வெயில் ஆகாது,
தெரிந்தது அவ்வளவுதான்.

வடிகுழாயைத் திருப்பினேன்.
அது சொட்டும் நிழலில் கூடையை நகர்த்தினேன்.
உப்பில்லாத தண்ணீர்.
ஜூலைக் காற்று கடலைக் குடித்துவிட்டு வந்து
சட்டையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு திரியுமே,
அதே ஈரம்
மணிக்கு ஒரு சொம்பு.

அறையில் சொன்னதும் இருதயராஜ் சிரித்தான்:
'பில்லுல என்னன்னு எழுதின?
கெபாசிட்டர் ஒண்ணு, வெள்ளாமை ஒண்ணா?'

ஆறாம் நாள் வேலை முடிந்து
பூ மாஹிர் கரைக்குப் போனேன்.
ஏனென்று கேட்டால் பதிலில்லை.
பொன்சரிகை உடுப்பில் சிறுமிகள்,
கழுத்தில் கூடை ஆடும் பையன்கள்,
இடுப்பளவு உயரத்தில்
நடந்துபோனது ஒரு வயல்.

லுல்வா என்னைப் பார்க்கவில்லை.
பார்த்தாலும்
தொப்பியும் ஏணியும் இல்லாமல் தெரிந்திருக்காது.
கூடையிடம் குனிந்து ஏதோ பேசினாள்.
தண்ணீர் என்கிற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.
பிறகு கயிற்றைச் சுழற்றி
ஒன்று, இரண்டு,
விட்டாள்.

தூரம் போகவில்லை.
ஓர் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து
அவள் காலடியிலேயே போட்டது.
எல்லோரும் சிரித்தார்கள்,
அவள் உதடு பிதுங்கியது.
யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.
மறுபடி.

இந்தத் தடவை கடல் வைத்துக்கொண்டது.
பார்லியோடு
என் ஆறு நாள் சொட்டும் போயிற்று,
வாங்கின இடத்துக்கே.

பெருநாள் விடுமுறை. அறைக்கு வெளியே
எங்கள் ஏசியின் வாய்க்குக் கீழே
மூடி கழற்றிய பால்பவுடர் டின்.
பாதி மண், மேலே பச்சைப்பயறு.
'சுண்டலுக்குடா' என்றான் இருதயராஜ்
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான்கு விரல் வளர்ந்துவிட்டது.
இன்னும் யாரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.