விதைக்கு விட்டது

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடி
இருபது நிமிஷம்.
ஒட்டன்சத்திரத்து லாரியில்
தார்ப்பாய்க்கு அடியில் முட்டைக்கோஸ் வியர்க்கிறது.
அதன் பின்னால் நான்,
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை சாணி எரு.
பக்கத்து பைக்காரர்
இருந்த அரையடியில் நகர்ந்து நின்றார்.

எதிர்வீட்டு வைரக்கண்ணுவுக்கு இரண்டு வேலி நிலம்.
குறுவை, தாளடி,
தாளடி அறுக்குமுன் தெளிக்கிற உளுந்து.
ஒரு பச்சைமிளகாய் விளைந்ததில்லை அவர் மண்ணில்.
தப்பி முளைத்தாலும் களையென்று பிடுங்கியிருப்பார்.
"நெல்லு போட்டாத்தாம்மா வெள்ளாம.
காய் போடுறதெல்லாம் படுகைக்காரன் பொழப்பு."
சொல்லும்போது அவர் கையில் செய்யது கடைப் பை.
அதிலிருந்து தலைநீட்டும்
எந்த ஊரிலோ விளைந்த கொத்தமல்லி.

எனக்கு இருப்பது
குளித்த தண்ணீர் ஓடுகிற எட்டடிக்குப் பத்தடி,
அதுவும் வாடகைக்கு.
கலியமூர்த்தி கொள்முதல் நிலையத்தில் பில் போடுபவர்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
யார் வீட்டு நெல்லானாலும் திருப்பி அனுப்புகிற கை.
அந்தக் கையால் நோட்டில் எழுதினார்:
விதை முப்பது. எரு நாற்பது.
பந்தல் கயிறு நூற்றிருபது.
ஆட்டுக்குப் பயந்து வலை, இருநூற்றெழுபது.

முதல் பறிப்பில் நான்கு கத்தரிக்காய்,
ஒன்று புழுவுக்கு.
மிச்சம் மூன்றால் வகுத்து அறிவித்தார்:
"காய் ஒண்ணு
நூத்தி அம்பத்தி மூணு ரூவா முப்பத்தி மூணு காசு."
சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்,
மெதுவாக,
காம்பையும் விடாமல்.

பீர்க்குக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.
ஆடியில் ஊன்றியது
புரட்டாசியில் மதிலேறி ஆரோக்கியமேரி டீச்சர் பக்கம் குதித்தது.
காலிங்பெல் அடித்து,
திருட்டுச் சாமான் திருப்பித் தருவதுபோல்
என் காயை என்னிடமே நீட்டினார்.
"வச்சுக்கோங்க டீச்சர்."
வைத்துக்கொண்டார்.
மறுநாள் ஒரு டம்ளர் சர்க்கரை வந்தது.
அடுத்த வாரம் இரண்டு காய் கொடுத்தேன்,
அரை டஜன் முட்டை வந்தது.
அதற்கடுத்த வாரம் நான் போனபோது
உள்ளே டிவி ஓடியது,
கதவு திறக்கவில்லை.
சும்மா வருவதை வாங்கிக்கொள்ள
மனுஷருக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது.

"மருந்தடிக்காததா? ரொம்ப நல்லது" என்று
வாங்கியவர்களும் உண்டு.
அவர்களே வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி
ஓட்டை தேடினார்கள்.

கடைசியில் செய்யது தராசில் வைத்தேன்.
இரண்டரைக் கிலோ.
"பன்னெண்டு போட்டுக்குறேங்க்கா."
அவர் தட்டில் பீர்க்கு நாற்பது.
கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.
கடை வாடகை, அழுகல், கேட்டில் நின்ற லாரியின் டீசல்
எல்லாம் அந்த நாற்பதுக்குள் நெருக்கி உட்கார்ந்திருந்தன.
எங்கோ ஒரு மேட்டுக்காட்டில்
என்னைப்போல் ஒருத்தி
இதே காய்க்கு ஆறு ரூபாய் வாங்கியிருப்பாள்.
அவளை அதற்குமுன் நான் நினைத்ததே இல்லை,
இத்தனை வருஷம்
கொசுறு கேட்டு வாங்கியபோதும்.
முப்பது ரூபாய்க்கு அங்கேயே
உருளைக்கிழங்கு வாங்கினேன்.
நம் களியில் அது வராது.

ஒரு காயை மட்டும் பறிக்கவில்லை.
கொடி காய்ந்தும் தொங்குகிறது,
முத்தி, வரிகள் கறுத்து, உள்ளே நாராகி.
"பறிக்காம விட்டு வீணாக்கிட்டியேம்மா" என்கிறார்
விதைநெல்லுக்கு வருஷாவருஷம்
டெப்போ வரிசையில் நிற்கிற வைரக்கண்ணு.
நோட்டில் 'பீர்க்கு, 1' என்று எழுதியிருக்கிறது.
எதிரே தொகை இல்லை.

நேற்றிரவு கரண்ட் போனது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்குப் போனார்.
வலை விலகும் சத்தம்.
காயைக் காதருகே வைத்து ஆட்டியிருக்க வேண்டும்.
கலகலப்பு கேட்கவில்லை.
வந்து படுத்து
இருட்டைப் பார்த்துச் சொன்னார்:
"பதினேழுக்கு மேல இருக்கும்.
இன்னும் நாலு நாள் தொங்கட்டும்."