மாவுக்கட்டு

க்ரோஷிக் என்று அதன் பெயர்.
போலிஷ் மொழியில் சல்லிக்காசு.
விற்றவன் வைத்த பெயர், விலையும் ஏறக்குறைய அதுதான்.
சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம்,
கன்னத்துக்கு ஒன்றாக
யாரோ கட்டைவிரலால் அப்பிய செம்மஞ்சள் பொட்டு.
வலையிலிருந்து பிடுங்கி
அட்டைப்பெட்டிக்குள் திணித்த கை
எப்படி இருந்ததென்று எனக்கு நினைவில்லை.
அதற்கு நினைவிருந்தது.

தண்ணீர்க் கிண்ணம் மாற்றக் கை நுழைந்தால் போதும்,
கொண்டை ஈட்டியாய் நிமிரும்.
தொண்டைக்குள்ளிருந்து ஒரு சீறல்.
ஒரு கைப்பிடிகூடத் தேறாத உடம்பில்
அத்தனை பெரிய பாம்பு.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
ஊர் வூச். பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
ஆறுகளை எப்போதோ
மண்ணுக்கடியில் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள்.
படகு மட்டும் பெயரில் தங்கிவிட்டது.

காலையில் வீடு திரும்பினால்
தரையெங்கும் இறகு, ஒன்றிரண்டில் ரத்தம்.
விடுப்பு நாளொன்றில் விழித்திருந்து பார்த்தேன்.
ஜன்னலுக்குக் கீழே வளைவு.
கடைசி டிராம் மணியடித்துத் திரும்புகையில்
மேல்கம்பியில் நீலப்பொறி தெறிக்கிறது.
அந்த ஒரு வெட்டு வெளிச்சத்தில்
உறக்கத்திலிருந்த உயிர்
கம்பிகளில் மோதி, மோதி, மோதி.

வாரத்தில் மூன்று இரவு
அந்த டிராமை ஓட்டுவது நான்.

அதன்பிறகு வளைவில் மணியை நான் தொடுவதில்லை.
நடப்பவர்கள் முந்திப்போகும் வேகம்.
நாற்பது வினாடி தாமதம் ஏன் என்று
கட்டுப்பாட்டு அறையிலிருந்து டோபியாஷ் கேட்டான்.
"பறவை" என்றேன்.
"தண்டவாளத்திலா?"
பதில் சொல்லுமுன் இணைப்பு துண்டித்தது, நல்லவேளை.

தினைக்கதிர் நீட்டினேன்.
நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே வரும்,
விரல் தெரியும் இடத்தில் பசி தீர்ந்துவிடும்.
நிறுத்தங்களை வரிசையாக ஒப்பித்தேன்:
பருத்தி ஆலை, பொதுமருத்துவமனை, பழைய கல்லறை.
கல்லறைக்குள் கண் சொக்கும்.
குரல் பரவாயில்லை. முகமும் பரவாயில்லை.
என் இடதுகால் செருப்பின்மேல் ஏதோ காதல்கூட.
கைதான் ஆகாது.

பிப்ரவரியில் டெப்போ வாசலில் வழுக்கி விழுந்தேன்.
முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டு.
வீட்டுக்கு வந்து கூண்டைத் திறந்துவிட்டுச்
சோபாவில் சரிந்தேன்.
கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வந்து உட்கார்ந்தது.

தோளில் இல்லை, மாவுக்கட்டின்மேல்.
சுண்ணாம்படித்த கிளையென்று நினைத்ததோ என்னவோ.
அலகால் தட்டியது. ஓரத்தைச் சுரண்டியது.
கொண்டை மெல்லப் படிந்தது.
உள்ளே, ஓர் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில்,
அது அஞ்சும் ஐந்து விரலும்
மூச்சடக்கிக் கிடந்தன.

ஆறு வாரம் நான் மரம்.
அதற்குள் ஒளிந்திருப்பதைச் சொல்லாத மரம்.
ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ரம்பம் வந்தது. கட்டு பிளந்தது.
வெளிவந்த கை என் கை மாதிரியே இல்லை.
இளைத்து, வெளுத்து, தோல் உதிர்ந்து,
காற்று பட்டாலே கூசியது.
பயிற்சி கொடுக்கும் செசாரினா
"மடக்குங்கள்" என்றாள். நடுங்கியதே தவிர மடங்கவில்லை.
பல்லைக் கடித்து இன்னொரு முறை முயன்றபோது
"அதை ஏன் அதட்டுகிறீர்கள்" என்றாள்.

பிளந்த கட்டின் ஒரு பாதியை
கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.
மேஜைமேல் அது, அதன்மேல் க்ரோஷிக்.
பக்கத்தில், உள்ளங்கை மேலாக, என் கை.
இடையில் நான்கு விரற்கடை.
ஒரு கண்ணால் பார்க்கிறது.
தலையைத் திருப்பி மறுகண்ணால் பார்க்கிறது.
கொண்டை பாதி ஏறி, ஏறாமல் நிற்கிறது.
கை நடுங்குகிறது. மறைக்க இப்போது ஒன்றுமில்லை.

கீழே ஒரு டிராம்.
நான் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை,
ஓட்டுவது யாரென்று தெரியாது.
வளைவை நெருங்குகிறது.
வேகம் குறைகிறது.
மணியடிக்கவில்லை.