சட்டியில் இருப்பது

டயர்க் கடையில் வாரம் ஒரு வாளி சேரும்,
சக்கர விளிம்பைக் கவ்விக் கிடந்து
கழன்று விழுந்த எடைக்கட்டிகள்.
"எடுத்துக்கோ, எனக்கு அது குப்பை" என்றார் ஓரின்.
சாலிஸில் அன்று முதல் பனி.

ஒவ்வொன்றாய்க் குறடால் கடித்துப் பார்த்தேன்.
பல் பதிந்தால் காரீயம்.
வழுக்கினால் துத்தநாகம். அதைத் தூர எறி,
ஒன்றிரண்டு கலந்தாலே உலை முழுக்கக் கெடும்
என்று எனக்கு நானே சத்தமாய்ச் சொல்லிக்கொண்டேன்.
தனியாய் இருந்தால் இப்படித்தான், பேச்சு கூடிவிடும்.

வீட்டு அலமாரியில்
சுட்டு முடித்த தோட்டாக்கூடுகள் நூற்றுப் பதினேழு.
ஈயத்தைப் பார்த்து இளிக்கும் பித்தளை.
இளிக்கட்டும்.
குண்டு வந்து உட்காரும்வரை
அதெல்லாம் வெறும் வாய்.

கையில் எழுபத்து நாலு டாலர்.
வெண்டல் முதலில் காட்டியது மின்சார உலை:
இருபது பவுண்டு கொள்ளும், அடியில் குழாய்,
நெம்பினால் நேராய் அச்சுக்குள் இறங்கும்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துத் திருப்பியே வைத்தேன்.
"இரும்பு அச்சு வாங்கு, உன் பேரன் காலம்வரை வரும்."
எனக்குப் பிள்ளையே இல்லை, வெண்டல்.
அலுமினியம் போதும். சீக்கிரம் சூடேறும்.
இரண்டு குழி.
கைப்பிடி தனி விலையாம்,
கதவை விற்றுவிட்டுத் தாழ்ப்பாளுக்குக் காசு கேட்பது போல.
மூக்கு வைத்த அகப்பை ஒன்று.
முழங்கை வரை தோல் கையுறை,
அதில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை.
கண்ணாடி கடையிலேயே இருக்கிறது, டயர் வேலைக்கு.
வெப்பமானியை எடுத்தேன், வைத்தேன்,
எடுத்தேன்.
மிச்சம் நாலு டாலர் சில்லறை.
சட்டி பத்தொன்பது.

வீட்டில் ஒரு சட்டி இருந்தது.
வார்ப்பிரும்பு. டெரிலின் அம்மா
கல்யாணத்துக்குக் கொடுத்தது.
பன்னிரண்டு வருடம் அதில் பீன்ஸ் வெந்தது.
பிரிந்தபோது எழுதிய பட்டியலில்
வண்டி அவனுக்கு, நாய் அவனுக்கு,
பனிவாரி எனக்கு.
சட்டியை யாரும் எழுதவில்லை.

ஒருமுறை ஈயம் உருகிய பாத்திரத்தில்
மறுபடி சாப்பாடு கிடையாது.
கழுவினாலும் கிடையாது. தேய்த்தாலும் கிடையாது.
ஒரு ராத்திரி முழுக்க அதை அடுப்பில் காலியாக வைத்து
பார்த்துக்கொண்டிருந்தேன்.
காலையில் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு பக்கக் கதவும் திறந்து, ஆற்றுக் காற்று முதுகில்.
இரும்புக் கவ்விகள் மிதந்தன, வழித்தேன்.
மரத்தூள் ஒரு பிடி. புகை. கரும் ஆடை.
ஆடை விலகியதும் ஒரு முகம் பார்க்கலாம் போல.
கூரையிலிருந்து ஒரு துளி பனிநீர் விழுந்தால்
அத்தனையும் எழுந்து மேலே அடிக்கும்,
அதனால் இரண்டு எட்டு உள்ளே தள்ளி வைத்திருந்தேன்.
முதல் இருபது குண்டுகளும் சுருக்கம்,
குளித்து முடித்த விரல் நுனி மாதிரி.

அப்போதுதான் டெரில் வந்தான்.
"அம்மா சட்டியைக் கேட்கிறாள். நன்றி நாளுக்கு."
கையுறையால் காட்டினேன்.
அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
குனிந்து ஒரு குண்டை எடுத்தான், ஆறியதுதான்,
உருட்டிப் பார்த்தான்.
"அச்சு குளிர்ந்திருக்கு."

சரிதான். சரி என்று சொல்லவில்லை.
அச்சின் மூலையை ஈயத்தில் முக்கி
முப்பது வரை எண்ணினேன்.
ஊற்றி, உறைந்ததும் மரக்கட்டையால் தட்டித் திறந்தால்
இரண்டு குண்டு, மழுமழுவென்று.
அவனும் பார்த்தான்.
சுருங்கிய இருபதையும் சட்டிக்கே திருப்பி அனுப்பினேன்,
நீரில்லை என்று ஒவ்வொன்றாய்த் துடைத்து.

கதவருகில் நின்று கேட்டான்:
"அம்மாவிடம் என்ன சொல்ல?"

சட்டியில் என்ன இருக்கிறதோ
அதைச் சொல், என்றேன்.
அகப்பை நிறைந்திருந்தது.
திரும்பிப் பார்க்க முடியவில்லை.