இடக்கையில் காப்பி

காலை ஆறேகாலுக்குக்
கம்பிச் சன்னலுக்குப் பின்னாலிருந்து
ஹாஃபிஸ் அதை நீட்டுவார்.
எண்ணைப் படித்துக் கையெழுத்துப் போடுவேன்.
மணல் வாளியைப் பார்க்கத் திருப்பி
மேல்தகட்டைப் பின்னுக்கிழுத்து
அறைக்குள் பார்ப்பேன். காலி.
தெரிந்தும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன்.
அந்த நேரத்துக் கண்ணை நான் நம்புவதில்லை.

பிறகு தோட்டா,
பிறகு உறை,
அதற்கும் மேல் சட்டை.

சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
முஸ்தபாவில், ஆண்கள் மாடியில்,
என் அளவுக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக ஏழு வாங்கினேன்.
எல்லாமே பூப்போட்டவை.
வெற்று நிறம் மேட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.
"ஏன்டி கோணிப்பையில அலையற?" என்றாள் அம்மா.
காத்தோட்டம் என்றேன்.
இந்த ஊர்ப் புழுக்கத்தில்
அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

யாரும் தேடுவதுமில்லை.
இடுப்பு புடைத்திருந்தால் பணப்பை என்பார்கள்,
சர்க்கரைக்காரி, ஊசிப்பெட்டி வைத்திருக்கிறாள் என்பார்கள்.
வேறெதுவும் இங்கே யார் மனதிலும் உதிக்காது.
ஆனாலும் 147-இல் ஏறினால்
வலது இடுப்பு தகரத்தில் உரசும்படி சன்னலோரம்தான்.
எதாவது கீழே விழுந்தால் குனியமாட்டேன்,
முழங்காலை மடக்கி நேராக இறங்குவேன்.
தொட்டுப் பார்க்க மட்டும் கூடாது.
புதுத்தாலிக்காரி கழுத்துக்குப் போவதுபோல
முதல் மாதம் முழுக்கக் கை அங்கேயே போனது.
பிறகு மறந்தது. கைதான், நான் இல்லை.

வலக்கையில் எதுவும் இருக்கக்கூடாது.
கைப்பேசி, குடை, காப்பிப் பொட்டலம்
எல்லாம் இடக்கைக்கு மாறின.

ஆடி வெள்ளி, தேக்கா ஈரச்சந்தை.
நீலத்தொப்பிக்கு ஆறடி பின்னால் நான்.
வட்டி முதலைக்குக் கதவில் சாயம் ஊற்றும் ஆள்,
பையில் கத்தி இருக்கலாம் என்று தகவல்.
மீன்கடைத் தண்ணீரைத் தாண்டும்போது
கோயிலிலிருந்து நேராக வந்த லோகாம்பாள் ஆன்ட்டி
ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு
என் வலப்பக்கத்தில் முளைத்தார்.

இடக்கையால் பிரசாதம் வாங்க முடியுமா?
காப்பி இடக்கையில் ஆட,
பதினோரு வருஷத்தில் முதல்முறை
வலக்கையை நிரப்பிக்கொண்டேன்.
அடுத்து அணைக்க வந்தார்.
அவர் கை என் இடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில்.
சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
"விசேஷமா?"

நாலு வருஷமாக எங்கள் வீட்டில்
ஒருவருமே கேட்காத கேள்வி.
மருத்துவமனை அட்டைகளை நானும் சேந்தனும்
பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு
அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியாயிற்று.

"ஆமா ஆன்ட்டி. மூணு மாசம்."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்,
சூடான பாத்திரத்தைத் தொடப்போனவர்போல.
"ஐயோ, முட்டியிருப்பேனே! இந்தத் தரை வேற வழுக்குது,
நீ ஏம்மா தனியா வந்த?"
தள்ளி நின்று, நெற்றியில் திருநீறு பூசி,
எனக்காகக் கூட்டத்தை விலக்கிவிட்டார்.
நீலத்தொப்பி கீரைக்கடை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
காதில் வெய் லியாங்: "உன் ஆன்ட்டி போயாச்சா?"

பஃபலோ ரோட்டில் அவர்தான் பிடித்தார்.
கத்தி இல்லை. ஒரு டப்பா சிவப்புச் சாயம்,
ஒரு தூரிகை, பாதி தின்ற பரோட்டா.
என் சட்டை விலகவில்லை.

இரவு எட்டரை. மணல் வாளி.
தோட்டாக்களை எண்ணி ஹாஃபிஸிடம் தந்தேன்.
தகட்டை இழுத்தேன், பார்த்தேன்,
சுண்டுவிரலை விட்டேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக
விரல் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.
"காலிதானே?" என்றார்.
காலிதான் என்றேன்.

பெட்டகத்தைத் திறந்து கைப்பேசியை எடுத்தால்
அம்மாவிடமிருந்து
எடுக்காத அழைப்புகள் ஏழு.