ரெண்டு சிரட்டை

பேச்சிப்பாறைக்கு மேலே, மூணாம் வரிசை ரப்பர் மரத்தடியில்
நெற்றி விளக்கு எரிந்தபடியே குனிந்திருந்தார் ரசலையன்.
வெட்டின பட்டையில் பால் அதன் பாட்டுக்குச் சொட்டியது.
அவர் வாயிலும் சொட்டியது,
நுரையோடு, நல்ல சிவப்பு.

ஆம்புலன்சில் ஏற்றியவர்கள்
மல்லாத்திக் கிடத்தினார்கள், மரியாதையாக.
புரட்டினேன்.
எந்தப் பக்கம்?
எக்ஸ்ரே கூரை ஒழுகின மழையில் ஒட்டிப்போயிருந்தது.
ஆனால் நேசபாய்
ராத்திரிதோறும் அவர் விலாவில் கை வைத்து உறங்குகிறவள்.
"வலது. அங்கதான் குறுகுறுங்கும்,
கஞ்சி கொதிக்கது கணக்கா."

வலது கீழே வரச் சரித்தேன்.
"நோவுற பக்கத்தையா அமுக்குதிய?"

ஆமா. கெட்டது கீழே கிடக்கட்டும்,
அதன் ரத்தம் அதற்குள்ளேயே தேங்கட்டும்,
மேலே இருக்கிற நல்லதுக்குக்
கொஞ்சம் காற்று மிஞ்சட்டும்.
இப்படியெல்லாம் நான் சொல்லவில்லை.
"பிடியும்மா, புரள விடாதே" என்று கத்தினேன்.

திருவட்டாறு வளைவில் போனில் டாக்டர்:
எத்தனை மில்லி?
மண் குடித்ததை எப்படி அளக்க?
நேசபாய் சொன்னாள்,
"ரெண்டு சிரட்டை. ரெண்டாவது தலைதட்டி."
இருபது வருஷம் பால் எடுத்த கண்.
ஐநூறு என்று எழுதினேன்.

ஊசி ஏறியது.
"பாலுக்கு ஆசிட் ஊத்துவமே, அது போலயா?"
இல்லை. இது உறைஞ்சதைக் கரைய விடாமல் காக்கும்.
விளக்க நேரமில்லை. ஆமா என்றேன்.

பொம்பளைகள் முன்னால் துப்பக் கூச்சப்பட்டு
அவர் இருமலை அடக்கினார்.
"இருமும் வேய், அடக்காதேயும்!"
அழகியமண்டபத்தில் மீன்வண்டிகளுக்கு நடுவே
அஜின் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

ஆசாரிப்பள்ளத்தில்
இடது நுரையீரலுக்குள் மட்டும் குழாய் இறக்கினார்கள்.
கசியும் நாளத்தை அடைக்கத் திருவனந்தபுரம் போகணும்,
இன்னொரு வண்டி, இன்னொரு கையெழுத்து.
நேசபாய் மடியை அவிழ்த்தாள்:
பிரிக்காத மாத்திரை அட்டைகள்.
"ரெண்டு மாசத்துல சுகமாயிற்று. பின்ன பால் சீசன்."
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
சுவரோரம் நின்று அவள் யாருக்கோ போன் செய்தாள்:

"மூணாம் வரிசையில பால் எடுக்காம கெடக்கு.
மழைக்கு முன்ன ஒழிச்சிரு.
கடைசி மரத்து மூட்டுல
ரெண்டு சிரட்டை இருக்கும்.
அத மட்டும் தொடாண்டாம்."